அன்னக்கூடையில் மூன்று அடி

என் வீட்டில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் இருக்காது. விடிந்ததும் மீன் வாங்கக் கிளம்பினால் ஒரு கால் செருப்பு இருக்கும், இன்னொன்று இருக்காது. தேடிக்கொண்டு பின்கட்டுக் கொட்டகைக்குப் போனால், என் வீட்டுக்காரர் முத்துராஜ் அந்தச் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு பிவிசி பைப்பின் வாயில் பட்டுப்பட்டென்று அடித்துக்கொண்டிருப்பார். "யோவ், செருப்பக் குடுயா, ஏலத்துக்கு நேரமாவுது" என்று கத்தினால், "இருமே, இந்த ஒரு அடி மட்டும் பாட்டோட சேரமாட்டேங்குது" என்பார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பேஜாரைச் சொல்ல ஆரம்பித்தால், பழவேற்காட்டில் பஸ் ஏறிப் பொன்னேரியில் இறங்கும்வரை சொல்லலாம். அப்படிப்பட்ட நான் இன்று அவருக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொன்னால் சிரிப்பார். சிரித்தால் எனக்குக் கோபம் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

முத்துராஜுக்குச் சொந்த ஊர் கோட்டைக்குப்பம். கடலுக்கும் போவார், ஏரிக்கும் போவார். காற்று சரியில்லாத நாட்களில் மற்ற ஆம்பிளைகள் கிழிந்த வலையைத் தைத்துவிட்டுச் சீட்டாட உட்காருவார்கள். இவர் கிழிந்த வலையை அப்படியே போட்டுவிட்டுச் சத்தம் தேடப் போவார். அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு பேர் அதற்குக் கிடையாது. முறையாக எந்த வாத்தியமும் அவருக்குத் தெரியாது. கோயில் திருவிழாவுக்கு வரும் கச்சேரிக்காரர்களின் கீபோர்டைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டு அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் அவர் படித்த சங்கீதம்.

செல்போனில் ஒரு சினிமாப் பாட்டைப் போடுவார். எனக்குக் காது புளிக்கும்வரை அதையே திரும்பத் திரும்பப் போடுவார். பிறகு போனை நிறுத்திவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். "இந்த எடத்துல வயலின் வருது மாலா. அதுக்கு நம்மகிட்ட இன்னா கீது?" என்பார். என்ன இருக்கும்? மீன் நாற்றம் இருக்கும். ஆனால் அவருக்குக் கிடைத்துவிடும். மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டியின் மேல் ஈரக் கட்டைவிரலை அழுத்தி இழுத்தால் ஒரு முனகல் வரும், அதுதான் வயலின். தூண்டில் நரம்பை அந்தப் பெட்டியின் மேலேயே இழுத்துக் கட்டிச் சுண்டினால் கிதார். ஈயக்குண்டுகளைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் அது வேறு ஒன்று. மூடிப்போன ஓர் இறால் பண்ணையில் கேட்பாரற்றுக் கிடந்த பைப்புகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றையும் பாட்டோடு சேருகிற அளவுக்கு அறுத்தார். கொஞ்சம் அதிகமாக அறுத்துவிட்டால் அந்தப் பைப்பு வீண். வீணான பைப்புகளை வைத்து நான் புடலைக்கும் அவரைக்கும் பந்தல் போட்டேன், அவ்வளவு வீணாக்கினார்.

அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு, நாகப்பன். ஏரியில் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் தடவி, கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பம் அவனுடையது. இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையில் ஓர் அலுமினியக் குண்டானை மிதக்கவிட்டு, பிடிப்பதை அதில் போட்டுக்கொண்டே நகர்வான். இறால் சேரச் சேரக் குண்டான் தண்ணீரில் அமிழும், தட்டினால் சத்தமும் இறங்கிக்கொண்டே போகும். இதைக் கண்டுபிடித்த அன்று என் வீட்டுக்காரர் சோறு தின்னவில்லை. நாகப்பனைக் கரையோரத் தண்ணீரிலேயே உட்கார வைத்து, குண்டானில் இறாலை அள்ளிப் போட்டும் எடுத்தும் ஒரு முழுப் பாட்டையும் வாசிக்கச் சொன்னார். பாதிப் பாட்டில் இறால் துள்ளி ஏரிக்கே திரும்பிவிட்டது. "அண்ணா, பாட்டு வருதோ இல்லியோ, எங்கொழம்பு போச்சு" என்று அவன் எழுந்து போய்விட்டான். மறுநாள் அவனே வந்து, இன்னொரு தரம் பார்க்கலாமா என்று கேட்டான். அதுவும் ஒரு பைத்தியம்தான்.

எல்லாம் நன்றாக வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு கல்யாணப் பாட்டை இவர்கள் வாசித்ததைக் கேட்டு, தெருவில் போன ஒருவர், யார் செத்தது என்று விசாரித்துவிட்டுப் போனார். சில பாட்டு மட்டும் எப்படியோ பிடித்துக்கொள்ளும். மூலப் பாட்டில் இல்லாத ஓர் ஈரம் அதில் இருக்கும். அப்போது நான் மீன் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அவர் திரும்பிப் பார்த்தால் உடனே கழுவ ஆரம்பித்துவிடுவேன்.

இனி எங்கள் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா தாமோதரன் மீன் ஏலக்காரர். ஏலக்கூடத்தில் மீனைக் கூறுகட்டி அலுமினிய அன்னக்கூடைகளில் கொட்டி வைப்பார்கள். நைனா விலை கேட்பார். கேள்வி ஏறி ஓரிடத்தில் நின்றதும், ஒரு தரம், ரெண்டு தரம் என்றெல்லாம் வாயால் சொல்ல மாட்டார். குனிந்து கூடையின் விளிம்பில் உள்ளங்கையால் மூன்று அடி அடிப்பார். மூன்றாவது அடி விழுந்ததும் வாங்கியவள் பெயரை முழுத் தொண்டையில் சொல்வார். பெயர் சொல்லும்வரை அந்த மீன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. பெயர் சொன்ன பிறகு அவள் உடனே வந்து கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்ற பேச்சே கிடையாது. எங்கள் ஏலத்து வழக்கம் அது. மூன்று அடியையும் அதன் பின்னால் வரும் பெயரையும் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஏலத்தில் நைனா வாயில் எல்லாப் பெயரும் வந்திருக்கிறது, என் பெயர் மட்டும் வந்ததில்லை. மீன் விற்க இறங்கிய புதிதில், ஆசையாக மடவை மீன் கூறு ஒன்றை ஏலம் கேட்டேன். என் கேள்விதான் கடைசி. நைனா மூன்று அடி அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் கேட்டவள் பெயரைச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து நான் போட்ட சண்டையில் பக்கத்து வீட்டார் கூடிவிட்டார்கள். நைனா நிதானமாகச் சொன்னார்: "ஏலம் போடறவன் எம்பொண்ணுக்கே மீனக் குடுத்தா, நாளைக்கு ஊரு என்ன நம்புமா? நீ எங்கிட்ட கேக்காத. அவ்ளோதாம்மா." அதன் பிறகு, என்னைப் போலவே மீன் விற்கிற கோவிந்தம்மா அக்காவோடு கூட்டுச் சேர்ந்தேன். நான் கண்ணைக் காட்டுவேன், அவள் கேட்பாள். நைனா "கோவிந்தம்மா!" என்பார். அவள் கூடையைத் தூக்கி வெளியே கொண்டுவந்து என்னிடம் கொடுப்பாள். எல்லோருக்கும் தெரியும், நைனாவுக்கும் தெரியும். கேட்ட மீன் கைக்கு வந்தது. ஆனாலும் என் அப்பா என் பெயரை நாலு பேர் நடுவில் ஒரு தரம் சொல்லமாட்டாரா என்று இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு இருந்தது.

நைனாவுக்கு மாப்பிள்ளையின் சங்கீதம் சுத்தமாக ஆகாது. அதற்கு முகூர்த்தம் வைத்ததும் ஒரு பாட்டுதான். ஒரு நாள் ஏலக்கூடத்து ஓரத்தில் முத்துராஜ் என் அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஏதோ பாட்டுக்குத் தாளம் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே நைனா விலை கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே இந்த மனுஷன் தன்பாட்டுக்கு மூன்று அடி அடிக்க, ஏலம் முடிந்துவிட்டது, பெயர்தான் இரைச்சலில் காதில் விழவில்லை என்று நினைத்துக் கோவிந்தம்மா அக்கா கூடையைத் தூக்கினாள். அந்தப் பக்கத்திலிருந்து, போட்டிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த குணசுந்தரியும் அதே கூடையைத் தூக்கினாள். கெளுத்தி முழுக்க மண்ணில். இரண்டு பேரும் பேசிய பேச்சை எழுத முடியாது. நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். "மாப்ள, உன் பாட்ட எங்க வேணா வெச்சிக்கோ. அன்னக்கூடைல மட்டும் கை வெக்காத. வெச்ச, நான் மனுசனா இருக்கமாட்டேன்" என்றார். அன்றிலிருந்து முத்துராஜ் என் செருப்பு, சொம்பு, சல்லடை எதையும் விட்டுவைக்கவில்லை, அன்னக்கூடையை மட்டும் தொடவில்லை.

போன தை மாதம், நல்ல பனி. நண்டுக் கூறு ஒன்று வந்தது. நான் கண்ணைக் காட்டினேன், கோவிந்தம்மா அக்கா கேட்டாள், கேள்வி அவளிடம் நின்றது. நைனா குனிந்து ஓர் அடி அடித்தார். இரண்டாவது அடியும் விழுந்தது. மூன்றாவது அடிக்குக் கை எழும்பவில்லை. அப்படியே கூடைமேல் சாய்ந்தார்.

பக்கவாதம். பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து சென்னைக்கும் போய், உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த டாக்டர்களும் நர்சுகளும் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் நைனாவுக்கு வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. வாயைத் திறந்தால் "ஆங்" என்ற ஒரு சத்தம்தான். கூடமே அதிரப் பெயர் சொன்ன வாய் அது. பார்க்க வந்தவர்கள் முன்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சி குறைந்தது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. என்ன வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை, திட்டினாலும் சரி, அந்த வாயிலிருந்து ஒன்று வந்தால் மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்று தோன்றியது. வராவிட்டால் இப்படியே சுவரைப் பார்த்துப் பார்த்துப் போய்விடுவார் என்ற பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒன்று சொன்னார்: "சில பேருக்குப் பேச்சு வராது, ஆனா பாட்டு வரும். பழகின சத்தம் உள்ளேருந்து இழுத்துட்டு வரும். அவருக்குப் பிடிச்ச பாட்டைக் கேட்க வைங்க. கட்டாயப்படுத்தாதீங்க. வரலாம், வராமலும் போகலாம்."

நைனாவுக்குப் பிடித்தது ஒரே பாட்டு. இளவட்டமாக இருந்தபோது டூரிங் கொட்டகையில் பார்த்த படத்துப் பாட்டு. ஒரு கூறு விற்று அடுத்த கூறு வருவதற்குள் அதை வாய்க்குள் முனகிக்கொண்டிருப்பார். போனில் போட்டேன். இடது கையால் போனைத் தள்ளிவிட்டார். நானே பாடிக் காட்டினேன். அதற்குக் கண்ணை மூடிக்கொண்டார், என் குரல் அப்படி. தினமும் போட்டேன், தினமும் தள்ளினார். ஒரு நாள் போனைத் தூக்கி மூலையில் வீசிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

முத்துராஜ் போனை எடுத்துத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "போன்ல கேக்கறது அவருக்குத் தெரிஞ்ச பாட்டு இல்ல மாலா. அவரு அத எங்க பாடினாரு? ஏலக்கூடத்துல. ஐஸ் ஒடைக்கற சத்தம், பொட்டி இழுக்கற சத்தம், பொம்பளைங்க கத்தற சத்தம், அதுக்கு நடுவுல. அந்தச் சத்தத்துலயே பாட்ட செஞ்சா இன்னா?"

"உனக்கு எல்லாத்துக்கும் இதுதானாயா மருந்து?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்தார். ஐஸ் உடைக்கும் கட்டையைச் சாக்கில் சுற்றித் தரையில் குத்தினால் பாட்டின் அடித்தாளம். பைப்பும் செருப்பும் பாட்டின் மெட்டு. பக்கெட் தண்ணீரில் நாகப்பனின் குண்டான். தெர்மாகோல் பெட்டியில் உடைத்த ஐஸைப் போட்டுக் குலுக்க ஓர் ஆள் வேண்டும் என்று கோவிந்தம்மா அக்காவைப் பிடித்தார். "இந்த வயசுல என்ன ஆட வுடறியா?" என்று திட்டிக்கொண்டே அவளும் வந்தாள். குலுக்கக் குலுக்க ஐஸ் கரையும். பாட்டு ஆரம்பத்தில் சலசலவென்று கேட்பது, முடியும்போது தளும்பும் தண்ணீர்ச் சத்தமாகிவிடும். அதைத் தப்பு என்று நான் நினைத்தேன். அதுதான் வேண்டும் என்றார் அவர், காலை ஏலம் முடியும்போது கூடமும் அப்படித்தானே கேட்கும் என்றார். யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கு நடுவில் அந்தப் பாட்டில் மூன்று அடி வரும். அது அன்னக்கூடையில் விழுந்தால் எடுப்பாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முத்துராஜ் அதைத் தெர்மாகோல் பெட்டியின் மூலையில் அடிப்பதாக வைத்துக்கொண்டார். மாமா சொன்ன சொல் சொல்தான் என்றார்.

ஒரு சாயங்காலம் நைனாவை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். இவர்கள் எதிரே தரையில். நான் மீன் விற்றுத் திரும்பிய கூடையைக் கழுவி, முத்துராஜுக்குப் பக்கத்தில் காயக் கவிழ்த்திருந்தேன். பாட்டு ஆரம்பித்ததும் நைனா வழக்கம்போல முகத்தைத் திருப்பினார். கட்டை தரையில் குத்தியது. ஐஸ் சலசலத்தது. கொஞ்ச நேரத்தில் நைனாவின் இடது கால் மெதுவாக அசைந்தது. முகம் திரும்பியது. நான் கோவிந்தம்மா அக்காவைப் பார்த்தேன், அவளும் பார்த்துவிட்டாள்.

பல்லவி முடிந்தது. முத்துராஜ் பெட்டியின் மூலையில் அடிக்கக் கையை ஓங்கினார். கோவிந்தம்மா அக்கா குலுக்கிய வேகத்தில் பெட்டி நகர்ந்து போயிருந்தது. அவர் கண் நைனா மேல். கை இறங்கிய இடத்தில் என் அன்னக்கூடை.

டங். டங். டங்.

முத்துராஜ் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அவர் நிறுத்தியதோடு போகவில்லை, எல்லாமே நின்றது. நாகப்பன் கை குண்டானுக்கு மேலேயே நின்றது. கோவிந்தம்மா அக்கா பெட்டியைக் குலுக்கவில்லை. நிஜமான பாட்டுக்காரர்களாக இருந்திருந்தால் சமாளித்துக்கொண்டு சரணத்துக்குப் போயிருப்பார்கள். நாங்கள் ஏலத்து ஆட்கள். மூன்று அடி விழுந்தால் ஒரு பெயர் வர வேண்டும், வராமல் எங்களில் யாருக்கும் கை ஓடாது. யோசிக்காமலே எல்லோரும் நைனாவைப் பார்த்தோம்.

நைனா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையை அடிக்கத்தான் எழுந்திருக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கோவிந்தம்மா அக்கா, பாவம், பழக்கதோஷத்தில் தன் பெயர்தான் வரும் என்று பாதி எழுந்துவிட்டாள்.

"மா..." என்றார் நைனா. மூச்சு வாங்கினார். பிறகு அந்தப் பழைய தொண்டையின் ஒரு கிழிசலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மாலா!" என்றார்.

நான் அப்படியே நின்றேன். கோவிந்தம்மா அக்காதான் திரும்ப உட்கார்ந்துகொண்டு அதட்டினாள்: "இன்னாடி பாத்துகினு நிக்கற? உன்னத்தான் கூப்புடறாரு. போய்த் தூக்கு."

போனேன். கூடையை நிமிர்த்தி, தூக்கி இடுப்பில் வைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை, அடியில் கொஞ்சம் ஈரம்தான். அழுகை தாங்கவில்லை. முத்துராஜ், "மன்னிச்சிக்கோ மாமா, தெரியாம கை பட்டுச்சி" என்று கும்பிட்டுக்கொண்டு நின்றார். தன் சந்தோஷத்தைக் காட்டக்கூடத் தெரியாமல் மன்னிப்புக் கேட்கிற அந்த மூஞ்சியைப் பார்த்தேன். இந்த மனுஷன் இல்லாவிட்டால் என் அப்பா வாயில் நான் இல்லாமலே போயிருப்பேன். நாளையிலிருந்து இரண்டு செருப்பையும் எடுத்துக்கொள்ளட்டும், நான் வெறுங்காலோடு ஏலத்துக்குப் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நைனா அவரைத் திட்டவில்லை. ஒரு கூறு விற்று முடித்ததும் அடுத்ததைக் கொண்டுவரச் சொல்லிக் கையை வீசுவாரே, அதே மாதிரி இடது கையை வீசினார். முத்துராஜுக்கு அது புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, என் செருப்பைக் கையில் மாட்டி, சரணத்தை ஆரம்பித்தார். காலிக் கூடையை இறக்காமல் பாட்டு முடியும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.